ஓவிடின் நாடுகடத்தல் கவிதைகள்: புராணப் பெயர்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: ரோமானியக் கவிஞர் ஓவிட் நாடுகடத்தப்பட்ட பிறகு எழுதிய கவிதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். நாலு வரிக்கு ஒரு புராணப் பெயர் வருகிறது. அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கவிதை கைவிட்டுப் போகிறது. பெயர்களை விட்டுவிட்டுப் படிக்கலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: விட்டுவிட்டுப் படிக்காதீர்கள். இந்தக் கவிதைகளில் புராணப் பெயர்தான் வாதம். ஓவிட் நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பெயர்களின் வழியாகத்தான் சொல்கிறார்.

கி.பி. 8-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையிலுள்ள டோமிஸுக்கு அனுப்பினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகரம் அது. சொத்தும் குடியுரிமையும் பறிக்கப்படவில்லை, திரும்பி வரும் உரிமை மட்டும் இல்லை. தன்னை அழித்தவை ஒரு கவிதையும் ஒரு பிழையும் என்கிறார் ஓவிட். கவிதை, காதல் கலையைக் கற்பிக்கும் அவருடைய நூல். பிழை என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்து அங்கேயே இறந்தார். ‘ட்ரிஸ்டியா’ ஐந்து நூல்கள், ‘பொன்டஸிலிருந்து கடிதங்கள்’ நான்கு நூல்கள், ‘ஐபிஸ்’ என்ற வசைக்கவிதை ஆகியவை அந்தக் காலத்தவை. முதலிரண்டும் அடிப்படையில் மனுக்கள். தண்டனை கொடுத்தவரிடமே கருணை கேட்க வேண்டும், தண்டனை சரியில்லை என்று சொல்லவும் கூடாது. இந்த இக்கட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பெயர்கள் பேசத் தொடங்கும்.

ஒவ்வொரு பெயரிடமும் கேட்க வேண்டியவை மூன்று. கதையில் தண்டிக்கும் தெய்வம் யார்? தண்டனை பெற்றவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? ஓவிட் அந்தக் கதையில் எந்தப் பகுதியை எடுக்கிறார், எதை விடுகிறார்?

அக்டியானை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரிஸ்டியாவின் இரண்டாம் நூல் முழுவதும் அகஸ்டஸிடம் பேசும் ஒரே நீண்ட கவிதை. அதன் 103-ஆம் வரியில் ‘நான் ஏன் எதையோ பார்த்தேன்?’ என்று கேட்டுவிட்டு, அடுத்த ஈரடியில் அக்டியானுக்கு வருகிறார். வேட்டைக்குப் போன இளைஞன், குளித்துக்கொண்டிருந்த வேட்டைத் தெய்வம் டயானாவைத் தற்செயலாகப் பார்த்துவிட்டான். அவள் அவனை மானாக்கினாள், அவனுடைய நாய்களே அவனைக் கிழித்தன. ஓவிட் இங்கே அவன் அறியாமல் பார்த்ததை முதல் சொல்லிலேயே வைக்கிறார். தெய்வத்தின் மனம் புண்பட்டால் தற்செயலுக்கும் மன்னிப்பு இல்லை என்று முடிக்கிறார். பணிவான ஒப்புதல் போலத்தான் இருக்கிறது. ஆனால் ‘உருமாற்றங்கள்’ என்ற தன் பெருநூலின் மூன்றாம் நூலில் இதே கதையைத் தொடங்கும்போது, அது விதியின் குற்றம், பிழையில் என்ன பாவம் இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அங்கே ‘பிழை’க்கு வரும் அதே இலத்தீன் சொல்லைத்தான் தன் குற்றத்துக்கும் இங்கே பயன்படுத்துகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்த ரோமானிய வாசகருக்கு அந்த ஈரடியில் ஒரு குற்றச்சாட்டு கேட்டிருக்கும். இந்தக் கவிதைகளில் எனக்கு மிகத் துணிச்சலாகத் தெரியும் இடம் இதுதான்.

ஆகவே ‘உருமாற்றங்கள்’ கையருகில் இருக்க வேண்டும். அடிக்குறிப்பு கதையைச் சொல்லும், ஓவிட் அந்தக் கதையை முன்பு எப்படிச் சொன்னார் என்பதைச் சொல்லாது. அக்டியானும் செமெலியும் மூன்றாம் நூலில், ஃபேத்தான் முதல் நூலின் கடைசியிலும் இரண்டாம் நூலிலும், நியோபி ஆறில், மெடியா ஏழில், இக்காரஸ் எட்டில். முதல் வாசிப்புக்கு இவை போதும்.

அடுத்த சிக்கல், பெயரே சொல்லாமல் கதையைத் தொடுவது. ட்ரிஸ்டியா 1.1-இல் (முதல் எண் நூல், அடுத்தது கவிதை) ‘என்னைக் காயப்படுத்தியவர் மட்டுமே அக்கிலிஸைப் போல அதை ஆற்ற முடியும்’ என்கிறார். குறிப்பது டெலிஃபஸ் கதை. ட்ராய் போர் வீரன் அக்கிலிஸின் ஈட்டி பட்டு அவனுக்கு ஏற்பட்ட புண் அதே ஈட்டியால்தான் ஆறியது. இரண்டாம் நூலின் 19-ஆம் வரியில் ‘டியூத்ராஸின் நாட்டை ஆண்டவன்’ என்கிறார், அவனும் டெலிஃபஸ்தான். 5.2-இல்தான் பெயர் வெளிப்படையாக வருகிறது. சாபம் கொடுத்தவரே விமோசனமும் தர வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தர்க்கம் சட்டென்று புரியும்: அகஸ்டஸைத் தவிர வேறு யாரிடமும் போக வழியில்லை. பெயரடைவில் ‘டெலிஃபஸ்’ என்று தேடினால் முதல் இடம் அகப்படாமல் போகலாம். தந்தை பெயர், ஊர்ப் பெயர், மலைப் பெயர் வந்தால் அதையும் ஒரு நோட்டில் எழுதி, யாரைக் குறிக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஹோமரின் காவிய நாயகன் யுலிசிஸை ‘நெரிட்டஸின் தலைவன்’ என்பார், அது அவன் ஊரான இதாக்காவின் மலை.

தெய்வங்களின் அரசன் ஜூபிடர் வரும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அது அகஸ்டஸ், இடி என்பது தண்டனை ஆணை. ஃபேத்தான், கபனியஸ், செமெலி ஆகியோர் திரும்பத் திரும்ப வருவது மூவரும் ஜூபிடரின் இடியால் மாண்டவர்கள் என்பதால். மனைவிக்கு எழுதிய 4.3-இல் மூவரும் அடுத்தடுத்து வருகிறார்கள்: கணவன் இடிபட்டான் என்பதற்காக கபனியஸின் மனைவி அவனை மறுக்கவில்லை, நீயும் என்னால் வெட்கப்படாதே என்பது வாதம். கபனியஸ் தெய்வத்தையே சவால்விட்ட திமிர் பிடித்தவன். அதை ஓவிட் இங்கே ‘துடுக்கன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுகிறார். மூன்றாவது கேள்வி இத்தகைய இடத்துக்குத்தான்.

யுலிசிஸ் ஒப்பீடு 1.5-இன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அவனுக்கு விசுவாசமான கூட்டம் இருந்தது, என்னை நண்பர்கள் கைவிட்டார்கள். அவன் வெற்றியோடு வீடு திரும்பினான், நான் வீட்டை விட்டு ஓடுகிறேன். அவனைத் துரத்தியது நெப்டியூன், என்னை அழுத்துவது ஜூபிடர். அவனுக்குத் துணையாக ஒரு தேவி இருந்தாள். அவன் துன்பங்களில் பெரும்பகுதி கற்பனை, என்னுடையதில் கட்டுக்கதை இல்லை. இப்படி ஒவ்வொன்றாக ஹோமரின் நாயகனைத் தாண்டிச் செல்கிறார். இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கும் வாசகர்கள் உண்டு. அது மிகைதான். ஆனால் தன் வாழ்க்கையைக் காவியப் பொருளாக்கிவிட்டால் அதை அழித்தவர் யார் என்ற கேள்வி ரோமில் ஓயாது என்று ஓவிடுக்குத் தெரியும்.

வரலாற்றுக் குறிப்புகளுக்கு வேறு முறை வேண்டும். அவை பல இடங்களில் காலத்தைக் கணிக்க உதவும். தன்வரலாறான 4.10-இல் இரண்டு கான்சல்களும் (ரோமின் தலைமை ஆட்சியாளர்கள்) ஒரே விதியால் வீழ்ந்த ஆண்டு பிறந்தேன் என்கிறார்: முட்டினா போரை ஒட்டி ஹிர்ஷியஸும் பான்சாவும் இறந்த கி.மு. 43. மினர்வாவின் ஐந்து நாள் விழாவில் முதலில் ரத்தம் சிந்தும் நாள் என்றும் சொல்கிறார். விழா மார்ச் 19-இல் தொடங்கும், வாட்போர் இரண்டாம் நாளிலிருந்து, எனவே மார்ச் 20. ஆட்சிக் குடும்பத்தாரைக் குறிக்கும் ‘சீசர்’ என்ற சொல்லையும் காலம் பார்த்தே படிக்க வேண்டும். அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தார். கடிதங்களின் நான்காம் நூலில் அதற்குப் பிந்திய கவிதைகள் இருப்பதால் அங்கே அது அடுத்த பேரரசர் திபேரியஸாகவோ அவருடைய வளர்ப்பு மகன் ஜெர்மானிக்கஸாகவோ இருக்கலாம்.

அவர் தரும் தகவலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. கடிதங்கள் 1.3-இல் நாடு கடந்தவர்களின் பட்டியல் ஒன்று வருகிறது: ஸ்மிர்னாவில் வாழ்ந்த ருடிலியஸ், ஆர்கோஸ் போன தெமிஸ்டோக்கிளிஸ், ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய அரிஸ்டைடிஸ். கிரேக்க மரபு அரிஸ்டைடிஸை வைப்பது ஏஜைனா தீவில். ஆனால் ஓவிடுக்கு வேண்டியது அவர்கள் யாரும் தன்னளவு தொலைவுக்குப் போகவில்லை என்ற முடிவு. ட்ரிஸ்டியா 3.9-இல், தந்தையிடமிருந்து தப்பி ஓடும் மெடியா தன் தம்பி அப்சிர்டஸைத் துண்டாக்கிய இடம் டோமிஸ் என்று ஊர்ப்பெயரையே அதிலிருந்து வருவிக்கிறார். அந்தக் கொலையை அட்ரியாட்டிக் கடலோரம் வைக்கும் மரபும் உண்டு. 3.10-இன் பனிக்காலத்தில் திராட்சை மது ஜாடியின் வடிவத்திலேயே உறைந்து நிற்கிறது, உறைந்த டான்யூப் மீது மாட்டுவண்டிகள் போகின்றன. வெர்ஜிலின் வேளாண் கவிதையில் வரும் சித்திய நாட்டுக் குளிரின் சாயல் அதில் பலமாக இருக்கிறது. மைலீட்டஸ் கிரேக்கர்கள் குடியேறிய துறைமுகம் டோமிஸ் என்பதை ஓவிடே சொல்கிறார். பிற இடங்களில் அதை மறக்கவைக்கப் பார்க்கிறார்.

ட்ரிஸ்டியா 1.3-இல் தொடங்குங்கள். ரோமில் கடைசி இரவு, பெயர்கள் குறைவு, வீழும் ட்ராய் ஒன்றே பெரிய ஒப்பீடு. பிறகு 4.10, 1.5, 3.9, 3.10. அதன்பின் இரண்டாம் நூலை மூன்று நான்கு அமர்வுகளில் படியுங்கள், 578 வரி இருக்கிறது. கடிதங்களில் 1.3-உம், ஒரஸ்டிஸ்–பைலடிஸ் நட்பை உள்ளூர் முதியவர் ஒருவரே சொல்லும் 3.2-உம் போதும். ஒவ்வொரு கவிதையையும் முதல் முறை அடிக்குறிப்பு பார்க்காமல் முடித்துவிட்டு, பெயர்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டு, இரண்டாம் முறை குறிப்புகளோடு படியுங்கள். இழை அறுந்துபோகாது.

‘ஐபிஸ்’ கடைசி. 640 வரிக்கு மேல் ஓடும் அந்தச் சாபத்தில் பெரும்பகுதி, பெயர் மறைத்த கொடூர மரணங்களின் தொடர். அதில் சில இடங்கள் யாரைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களே இன்னும் உடன்படவில்லை.

பதிப்பு வாங்கும்போது மூன்று பாருங்கள்: ஓரத்தில் இலத்தீன் வரி எண், முழுப் பெயரடைவு, கவிதை எண் முறை. சில பதிப்புகள் சில கவிதைகளை இரண்டாகப் பிரித்திருப்பதால் வரி எண் ஒத்துவராமல் போகும்.