முதலில் நிற்கப் பழகுங்கள்: ட்ரையல்ஸ் சைக்கிள் கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏற்காடு அடிவாரத்தில் ஒன்றுகூடும் எங்கள் சைக்கிள் நண்பர்களும், அவர்கள் சொல்லக் கேள்விப்பட்ட வேறு சிலரும், ட்ரையல்ஸ் ஓட்டப் பழகுவது குறித்து எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இதை ஓட்டிவருகிறேன். தொடக்கத்தில் சொல்லித்தர எனக்கு யாரும் இல்லை. சரியான வரிசை தெரியாததால் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாயின. அந்த இழப்பு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகச் சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்): அண்ணா, ட்ரையல்ஸ் என்பதும் சாலையில் வீலிங் அடிப்பது போன்ற ஒரு சாகசம்தானா?

இல்லை தம்பி. பாறை, மரத்துண்டு, கான்கிரீட் கட்டை ஆகிய தடைகளைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடப்பதுதான் ட்ரையல்ஸ். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை, சமநிலைக்குத்தான் மதிப்பு. மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1970-களில் ஸ்பெயினின் கத்தலோனியாவில் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் வீரரான பெத்ரோ பி தம் மகனுக்கு அந்த உத்திகளைச் சைக்கிளில் பழக்கியதிலிருந்து இது தனி விளையாட்டாக வளர்ந்தது. அந்த மகன் ஓட் பி பின்னர் உலகச் சாம்பியனும் ஆனார். இன்று சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் போட்டிகளில் 20 அங்குலச் சக்கரம், 26 அங்குலச் சக்கரம் என இரு பிரிவுகள் உள்ளன. ஒரு பகுதியைக் கடக்க இரண்டு நிமிடங்கள் தரப்படும், காலை ஊன்றினால் அது தவறாகக் கணக்கில் ஏறும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): என்னிடம் இருப்பது 17 கிலோ எடையுள்ள சாதாரண 26 அங்குல கியர் சைக்கிள். இதில் பழகலாமா, அல்லது ட்ரையல்ஸ் சைக்கிளே வாங்க வேண்டுமா?

முதல் ஓராண்டுக்கு உங்கள் சைக்கிளே போதும், சில மாற்றங்களை மட்டும் செய்துகொள்ளுங்கள். சீட்டை அடியோடு இறக்குங்கள். ட்ரையல்ஸ் சைக்கிள்களில் சீட்டே இருக்காது, ஏனெனில் ஓட்டுபவர் எந்நேரமும் நின்றபடியே இருப்பார். முன்பக்கத்தில் 22 பல், பின்பக்கத்தில் 18 அல்லது 20 பல் என்ற அளவில் ஒரு கியரைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். முன் ஃபோர்க்கில் சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். நீங்கள் எழும்புவதற்காகக் கொடுக்கும் விசையை ஸ்பிரிங் விழுங்கிவிடும். டயரில் 25 முதல் 30 பிஎஸ்ஐ வரை காற்று இருக்கட்டும். அதற்கும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு இடங்களில் ஓட்டை விழும், ரிம்மும் கோட்டம் விழும்.

செலவு செய்ய நினைத்தால் பிரேக்குக்குச் செய்யுங்கள். ஒரே விரலால் அழுத்தி, சரிவில் சக்கரத்தை அசையாமல் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் மற்ற எதையும் தொடங்க வேண்டாம். புதிய பிரேக் கட்டையும், துரு இல்லாத கேபிளும், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த ரிம்மும் இருந்தால் விலை குறைந்த சைக்கிளும் நன்றாகவே பிடிக்கும்.

கேள்வி (கன்னங்குறிச்சி): ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ட்ராக் ஸ்டாண்ட் எனக்கு மூன்று நொடிக்கு மேல் வருவதில்லை. இதைத் தாண்டிவிட்டு நேராகக் குதிப்பதைப் பழகினால் என்ன?

இதைத் தாண்டிப் போகவே கூடாது. நான் செய்த பெரிய தவறும் இதுதான். நிற்கத் தெரியாதவர் குதித்தால், இறங்கிய மறு நொடியே சமநிலை இழந்து காலை ஊன்றுவார், அல்லது அடுத்த குதிப்பை அவசரத்தில் எடுத்துத் தவறான திசையில் விழுவார். ட்ரையல்ஸ் ஓட்டுபவர் ஒவ்வொரு தடைக்கும் நடுவே நின்று, மூச்சு விட்டு, அடுத்து எங்கே சக்கரத்தை வைக்கலாம் என்று பார்த்துக்கொள்கிறார். அந்த நிற்றல் கைவராமல் மற்ற உத்திகளுக்கு அடிப்படை அமையாது.

முறையைச் சொல்கிறேன். மிக இலேசான ஏற்றமுள்ள சிமெண்ட் தரையைத் தேடுங்கள். பல வீடுகளின் வாசலில் வண்டி ஏற்றுவதற்காகப் போட்டிருக்கும் சாய்வே போதும். கோலமாவால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு கட்டம் போட்டு, முன்சக்கரம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாகான கால் முன்னே இருக்கும்படி இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்கட்டும். எந்தக் கால் முன்னே இருக்கிறதோ, அந்தப் பக்கமாக ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்புங்கள். இப்போது முன் பெடலை மெல்ல அழுத்தினால் சைக்கிள் ஓரங்குலம் முன்னே போகும். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஏற்றம் அதைப் பின்னுக்குத் தள்ளும். இந்த முன்னும் பின்னுமான அசைவில்தான் சமநிலை பிறக்கிறது. அசையவே கூடாது என்று உடம்பை இறுக்கிக்கொள்பவர்தாம் மூன்றாம் நொடியில் விழுகிறார்கள். முழங்கால்களும் முழங்கைகளும் தளர்ந்திருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தில் அன்றி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு புள்ளியில் நிலைத்திருக்கட்டும்.

முப்பது நொடி வந்த பிறகு சமதரைக்கு வாருங்கள். அங்கே இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி, இடுப்பையும் முழங்கால்களையும் மட்டும் அசைத்து நிற்கப் பழகுங்கள். ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போது, பிரேக்கை விடாமல் சின்னதாக ஒரு துள்ளல் போட்டு, சக்கரத்தைச் சாயும் பக்கத்திற்கே நகர்த்திச் சரிசெய்யுங்கள். முதல் துள்ளல் இங்கேதான், தேவையின் பொருட்டுத் தானாகவே வரும்.

கேள்வி (ஜாகீர் அம்மாபாளையம்): பின்சக்கரத்தில் மட்டும் நின்று துள்ளும்போது நான் மல்லாக்க விழுகிறேன். பயத்தினால் இப்போது முன்சக்கரமே மேலே எழுவதில்லை.

உங்கள் பயம் நியாயமானது. முதலில் விழுவதைப் பழகுங்கள். தாழ்ந்த கியரில் மெதுவாக உருளும்போது முன்சக்கரத்தைத் தூக்கி, வேண்டுமென்றே பின்னால் இறங்குங்கள்: கால்கள் இரண்டும் பெடலை விட்டுத் தரையைத் தொட வேண்டும், கைகள் ஹேண்டிலைப் பிடித்தபடியே இருக்கலாம். புல்தரையில் இதை இருபது முறை செய்த பிறகு, பின்பக்கமாகச் சாய்ந்தாலும் தப்பித்துக்கொள்ள முடியும் என்பதை உங்கள் உடம்பே தெரிந்துகொள்ளும்.

அடுத்தது பின்பிரேக். முன்சக்கரம் அளவுக்கு மீறி உயரும்போது பின்பிரேக்கை அழுத்தினால் அது கீழே வந்துவிடும். ஆகவே ஒரு விரல் எந்நேரமும் அந்த நெம்பின் மேல் இருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்குவதற்குக் கைபலம் தேவையில்லை. முன் பெடலில் கால்வாசிச் சுற்று அழுத்தம் கொடுக்கும் அதே கணத்தில், கைகளை நீட்டி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோனால் அது தானாக எழும். எழுந்து உச்சிக்கு வரும்போது பின்பிரேக்கைப் பூட்டுங்கள், உடனே முழங்கால்களை மடக்கி நீட்டி ஒரு துள்ளல் போடுங்கள். மல்லாக்க விழுபவர்களில் பெரும்பாலோர், முன்சக்கரம் இன்னும் எழுந்துகொண்டிருக்கும்போதே துள்ளுகிறார்கள். பிரேக் பூட்டுவதற்கு அரை நொடி பிந்துகிறார்கள். யாரையாவது பக்கவாட்டில் நிற்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்து, அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியும். ஐந்து துள்ளல் தொடர்ந்து வந்துவிட்டால், பிரேக்கை விட்டு, பெடலை ஓர் உதை உதைத்து, முன்னே தாவி, இறங்கும் கணத்தில் மீண்டும் பிரேக்கைப் பூட்டும் ‘பெடல் கிக்’கை ஆரம்பிக்கலாம்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): பெடலோடு காலைப் பூட்டும் ஷூ உதவுமா?

கூடாது. தட்டையான, பிடிப்புள்ள பெடலும் மெல்லிய ரப்பர் அடியுள்ள ஷூவும் போதும். கால் எந்தக் கணத்திலும் விடுபட வேண்டும்.

கேள்வி (சூரமங்கலம்): பெடல் கிக் அடிக்கும்போது செயின் ‘டக்’கென்று நழுவுகிறது. காரணம் என்ன?

அன்றே நிறுத்திவிட்டுச் செயினைப் பாருங்கள். இது எனக்கே நேர்ந்தது. ஒரு கடையில் செயினை இணைத்துக் கொடுத்தபோது, இணைப்பு ஆணி ஒரு பக்கம் சரியாக உட்காராமல் மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கவனிக்கவில்லை, நானும் தடவிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மறுநாள் பெடலை உதைத்த கணத்தில் செயின் அறுந்தது. முழு எடையோடு மிதித்த கால் வெறுமையில் இறங்க, முழங்கால் ஹேண்டிலின் நடுத்தண்டில் மோதியது. ஆறு வாரம் சைக்கிளைத் தொட முடியவில்லை. அன்றிலிருந்து ஓட்டுவதற்கு முன் செயின் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

தேய்மானத்தை அளக்கப் பள்ளிப் பிள்ளைகளின் அடிஸ்கேலே போதும். ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால், புதிய செயினில் 24-ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது பதினாறில் ஓர் அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஓர் அங்குலம் தாண்டியிருந்தால் பின் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செயின் நன்றாக இருந்தும் உதைக்கும்போது ஒரு வெற்றிடம் தெரிகிறது என்றால், அது ஃப்ரீவீலின் இயல்பு. ஒரு சுற்றுக்கு 16 இடங்களில் மட்டும் பிடிக்கும் ஃப்ரீவீலில், பிடிப்புக் கிடைக்கும் முன் அது 22.5 டிகிரி வரை சும்மா சுழலலாம். ட்ரையல்ஸ் சைக்கிளில் நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பிடிக்கும் ஃப்ரீவீலை முன்னே, பெடல் தண்டிலேயே வைப்பது இதனால்தான். சாதாரண சைக்கிளில், உதைப்பதற்குச் சற்று முன்பே பெடலை இலேசாக அழுத்தி அந்த வெற்றிடத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டத்தில் பணிபுரிபவர்): எங்கள் பக்கம் பாறைக்குக் குறைவில்லை. நேரடியாகப் பாறையிலேயே பழகலாமா ஐயா?

நீங்கள் கொடுத்துவைத்தவர். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை சொரசொரப்பானது. காய்ந்திருக்கும்போது டயரை அருமையாகப் பிடிக்கும். ஆனால் மூடுபனி இறங்கும் காலையிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே பாறையில் பாசி படர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பச்சைப் படலம்கூடச் சக்கரத்தை வழுக்கிவிடும். ஏறுவதற்கு முன் ஷூவின் முனையால் பாறையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சில்வர் ஓக் மரங்களின் ஈர வேரைச் சாய்வாகக் கடக்காமல், நேருக்கு நேராகக் கடந்துசெல்லுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேற்பட்ட பாறையை முதல் ஆறு மாதம் தொடவேண்டாம்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது. தோட்டத்துக்குள் என்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள பாறைகளில் தயவுசெய்து யாரும் ஏற வேண்டாம், அவை வழிபாட்டுக்குரிய இடங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையின் ஓரச் சுவர்களில் ஏறிப் பழகுவோரையும் பார்த்திருக்கிறேன். பேருந்து வரும் சாலையில் அது தற்கொலைக்கு ஒப்பாகும்.

கேள்வி (அம்மாப்பேட்டை, ஒரு தாயார்): டேனி மெக்காஸ்கிலின் காணொளிகளைப் பார்த்துவிட்டு என் ஒன்பது வயது மகன் மதில்மேல் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்கிறான். தடுப்பதா, விடுவதா?

மதிலைத் தடுங்கள் அம்மா, சைக்கிளைத் தடுக்காதீர்கள். 2009-இல் எடின்பரோ நகரில் எடுத்த காணொளியால் உலகம் அறிந்த மெக்காஸ்கில், அதற்கு முன் பல்லாண்டுகள் ஓட்டிப் பழகியவர் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். அவனுக்கு 20 அங்குலச் சைக்கிள் பொருத்தமாக இருக்கும். தரையில் ஒரு பலகையைப் படுக்கவைத்து, அதன்மேல் விழாமல் ஓட்டச் சொல்லுங்கள். பலகையின் அகலம் ஒரு சாணிலிருந்து நான்கு விரல்கடைக்கு வரும்வரை உயரத்தைக் கூட்ட வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காக்கும் கால்பந்து உறையும் வாங்கிக் கொடுங்கள். பெடல் திரும்பி அடிக்கும் இடம் அதுதான்.

கேள்வி (ஐந்து ரோடு, 46 வயது): இந்த வயதில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட அது நல்லது. நம் சேலத்து வெயிலுக்குக் காலை ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். மணிக்கட்டில் வலி தெரிந்தால் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (கருப்பூர்): 15 சென்டிமீட்டர் உயரக் கல்லில் முன்சக்கரம் ஏறிவிடுகிறது, பின்சக்கரம் இடித்து நின்றுவிடுகிறது. மாதக்கணக்கில் இதே நிலைதான்.

முன்சக்கரம் கல்லின் மேல் அமர்ந்தவுடன் நீங்கள் இடுப்பைப் பின்னாலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பின் எடை முழுவதும் பின்சக்கரத்தின் மேல் இருக்கும்போது அது எப்படி எழும்? முன்சக்கரம் அமர்ந்த கணத்தில் மார்பை ஹேண்டிலுக்கு மேலே கொண்டுவந்து, கைகளை முன்னோக்கித் தள்ளுங்கள். பாதங்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நாய் பின்காலால் மண்ணைப் பறிப்பது போலப் பெடல்களைப் பின்னுக்கும் மேலுக்குமாகத் தோண்டி இழுங்கள். பின்சக்கரம் இலேசாகி மேலே வரும்.

கல்லில் தொடங்காமல், தென்னை மரத்துண்டு ஒன்றை இரு பக்கமும் செங்கல் அண்டைக் கொடுத்து உருளாமல் வைத்து, அதில் பழகுங்கள். உருண்டையான மரம் சக்கரம் இடித்தாலும் மன்னித்து ஏற்றிவிடும், கல்லின் கூர்முனை அப்படி மன்னிக்காது. மரத்தில் பத்துக்கு எட்டு முறை சத்தமின்றி ஏற முடிந்த பிறகு கல்லுக்குத் திரும்புங்கள். அங்கே பின்ரிம் இடிக்கும் ‘டங்’ என்ற ஓசை கேட்டால் மறுபடியும் மரத்துக்கே வந்துவிடுங்கள்.