துணியும் ரப்பரும் சேரும் இடம்: தூத்துக்குடித் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கையாளும் பிரிவில் 18 ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறீர்கள். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். உறவினர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். அவளோ 'ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம்' படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். "நான் கரித்தூசியில் நின்றது போதாதா, அவளும் ஆலைச் சூட்டில் நிற்க வேண்டுமா? ரப்பரில் நான்கு ஆண்டு படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெரிந்தால் முதல் கேள்வியின் பாரம் கொஞ்சம் குறையும்.

கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி பெல்ட்டில் ஏறி நிலையத்துக்குள் வருவதை நாள்தோறும் பார்ப்பவர் நீங்கள். அந்தப் பெல்ட்டைக் கறுப்பு ரப்பர் பட்டை என்றுதான் ஊரே நினைக்கும். ஆனால் ஜாயின்ட் போடும் ஆட்கள் அதைப் படிப்படியாக வெட்டி அடுக்கு அடுக்காக உரிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது துணி. மேலும் கீழும் ரப்பர், நடுவில் மூன்றோ நான்கோ நெய்த துணி அடுக்குகள், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே மெல்லிய ரப்பர்ப் பூச்சு. பாரத்தை இழுப்பது துணிதான். ரப்பர் அந்தத் துணியைத் தேய்மானத்திலிருந்தும் நீரிலிருந்தும் காக்கிறது, அடுக்குகளை ஒன்றாகப் பிடித்துவைக்கிறது.

பெல்ட்டின் மீது 'இ.பி. 500/3' என்பது போல அச்சிட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? 'இ' என்றால் பாவு நூல் பாலியஸ்டர். 'பி' என்றால் ஊடு நூல் பாலிஅமைடு, அதாவது நைலான். பாலியஸ்டர் அதிகம் நீளாது. அதனால் நீளவாக்கில் அது. நைலான் வளைந்து கொடுக்கும். உருளைகள் மீது பெல்ட் தொட்டில் போலக் குழிந்து உட்கார வேண்டுமே, அதனால் குறுக்குவாக்கில் அது. 3 என்பது அடுக்குகளின் எண்ணிக்கை. 500 என்பது ஒவ்வொரு மில்லிமீட்டர் அகலத்துக்கும் அது தாங்கும் நியூட்டன் விசை. ஒரு மீட்டர் அகலமுள்ள பெல்ட் என்றால், அறுபடுவதற்கு ஏறத்தாழ 50 டன் இழுவை தேவை. ஓடும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதன் மீது சுமத்துவார்கள்; மீதி பாதுகாப்புக்கு. இந்த ஒரு வரி அச்சுக்குள் நெசவு, வேதியியல், இயந்திரவியல் மூன்றும் இருக்கின்றன. உங்கள் மகள் படிக்க விரும்புவது இதைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு பெல்ட் ஆலைக்குப் போயிருந்தேன். தறியிலிருந்து அப்படியே வரும், இன்னும் பதப்படுத்தாத 'கிரே' துணி முதலில் ஒரு பழுப்பு நிறக் குளியலில் முங்கி எழுகிறது. ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு, ரப்பர் பால் மூன்றும் சேர்ந்த கரைசல் அது. வழவழப்பான செயற்கை நூலில் ரப்பர் தானாக ஒட்டாது; இந்தப் பூச்சுதான் இரண்டுக்கும் நடுவில் நின்று கைகோத்துவிடுகிறது. பாலியஸ்டருக்கு இதுவும் போதாமல், முன்கூட்டியே இன்னொரு பூச்சு தேவைப்படும். பிறகு துணியை இழுத்துப் பிடித்தபடி சூடான அறை வழியாக அனுப்புகிறார்கள். அடுத்தது காலண்டர். மாதம் பார்க்கிற காலண்டர் அல்ல, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுழலும் கனத்த சூடான உருளைகள். அவற்றுக்கு நடுவே துணியை விட்டு, ரப்பரை அதன் கண்ணுக்குள் தேய்த்து ஏற்றுகிறார்கள். ரப்பர் ஏறிய துணிகளை மேசை மீது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலுறை ரப்பர் போர்த்தி, நீண்ட அழுத்த இயந்திரத்தில் 150 டிகிரி அளவு சூட்டில் வேக வைத்தால் பெல்ட்.

அன்று அங்கே ஒரு முழுச் சுருள் பெல்ட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மேற்புறத்தில் ஆங்காங்கே கைவிரல் அளவுக் கொப்புளங்கள். பார்த்தவுடன் பையன்கள் ரப்பரில் கோளாறு என்றார்கள். கோளாறு துணியில் இருந்தது. மழைக்காலம், காலண்டருக்குப் போகும் முன் துணியைச் சரியாகக் காய வைக்கவில்லை. சாதாரணக் காற்றிலேயே நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அழுத்த இயந்திரச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அடுக்குகளைப் பிரித்துவிட்டது. ரப்பர் மட்டும் தெரிந்தவருக்கு இது புரியாது, துணி மட்டும் தெரிந்தவருக்கும் புரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் அந்த ஷிப்டில் இருந்திருந்தால் அந்தச் சுருள் தப்பித்திருக்கும். நான் இந்தப் படிப்பை மதிப்பதற்குக் காரணமே இந்த இடைவெளிதான். ஜவுளி படித்தவர்கள் உண்டு, பாலிமர் படித்தவர்கள் உண்டு. இரண்டும் சந்திக்கும் அந்த மெல்லிய கோட்டில் நின்று யோசிப்பவர்கள் குறைவு.

அங்கே சோதனைக்கூடத்தில் இருந்த ஒரு பெண் அதிகாரி எங்களுக்குக் காட்டியதை இன்னும் மறக்கவில்லை. பெல்ட்டிலிருந்து 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீற்றை வெட்டி, ஓர் அடுக்கின் நுனியைப் பிரித்து, இரண்டு முனைகளையும் இயந்திரத்தின் இரண்டு பிடிகளில் மாட்டினார். மெல்ல உரிந்து வந்தது. எத்தனை நியூட்டன் என்று திரை காட்டியதை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. உரிந்த முகத்தைத் தடவிப் பார்த்தார். ரப்பர் தனக்குள்ளேயே கிழிந்து இரு பக்கமும் கறுப்பாக ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். துணி பழுப்பாக, வெறுமையாக, கண் கண்ணாகத் தெரிந்தால் குளியலிலோ, காய வைத்ததிலோ, ரப்பர்க் கலவையிலோ எங்கோ பிழை. "எண் தேறியதா என்று மட்டும் சொல்லும். எங்கே தவறு என்று முகம் சொல்லும்" என்றார்.

இந்தத் தொழிலில் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டார்பிஷயரில் கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில், கிழிந்த பெல்ட் ஒன்று நிலக்கரி கொட்டும் சரிவில் அடைத்துக்கொண்டு, உராய்ந்து தீப்பிடித்தது. ரப்பர் எரிந்த புகையில் 80 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலத்தடிச் சுரங்கங்களுக்குத் தீ பரவாத பெல்ட் வேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. பல அடுக்குகளை ஒரே தறியில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்து நெய்து, பி.வி.சி.யில் ஊற வைக்கும் பெல்ட் பரவியது. அடுக்காக ஒட்டாததால் அது அடுக்காகப் பிரிவதும் இல்லை. அந்த வகைப் பெல்ட் உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், மதுரை - திண்டுக்கல் சாலையில் நகரியில் உள்ள ஃபென்னர் ஆலையில் உருவாகிறது. கரிக்கு நடுவே வேலை செய்யும் உங்களைப் போன்றவர்களின் உயிருக்கும் இந்தப் படிப்புக்கும் நேரான தொடர்பு உண்டு, ஐயா.

இனி வேலைக்கு வருகிறேன். "பெல்ட் ஆலை எத்தனை இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பெல்ட்டோடு நிற்கும் கணக்கு அல்ல இது. டயருக்குள்ளும் இதே போல் ரப்பர் ஏற்றிய 'கார்டு' துணி, அதாவது முறுக்கிய கயிறு போன்ற நூல்களாலான துணி அடுக்குகள்தான். அதே குளியல், அதே காலண்டர். அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, கும்மிடிப்பூண்டிப் பக்கம் மிஷ்லின், மதுரை வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்று தமிழ்நாடு முழுக்க டயர் ஆலைகள். சென்னை மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் டயருக்கான நைலான் துணி தயாரிக்கிறது. லாரிக்குப் போடும் தார்ப்பாய், பஞ்சாலைப் பல்சக்கரங்கள் செய்யப் பயன்படும் 'ஹைலம்' என்ற கெட்டித் தகடு, செல்போனுக்குள் இருக்கும் பச்சைச் சர்க்யூட் அட்டை எல்லாமே நெய்த துணியோடு பிசினோ பிளாஸ்டிக்கோ சேர்ந்த பொருள்கள்தாம். சர்க்யூட் அட்டையில் துணி கண்ணாடி இழை, பிசின் எபாக்சி. காற்றாலை இறக்கையும் அதே குடும்பம். தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது அண்ணாந்து பார்த்திருப்பீர்களே, அதுவேதான். இப்படித் தொழிலுக்குப் பயன்படும் துணிகளுக்கென்றே மத்திய அரசு 2020-ல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தை அறிவித்தது.

சம்பளத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். முதல் சில ஆண்டுகள் நல்ல மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த தோழியைவிட இவள் குறைவாகவே வாங்குவாள். ஷிப்ட் வேலை இருக்கும். ஏழெட்டு ஆண்டு கழித்து, கலவையும் துணியும் கைக்குள் வந்த பிறகு, அவளை விட்டுவிட ஆலை யோசிக்கும். அதுவரை வீட்டில் யாரும் ஒப்பிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு.

எங்கே படிப்பது? பொறியியல் கலந்தாய்வுக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் முதலில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தை வையுங்கள். அது அண்ணா பல்கலைக்கழக வளாகம். இரண்டாவதாக, கிண்டி வளாகத்தில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் ஜவுளித் தொழில்நுட்பம். 1944-ல் அந்தக் கல்லூரி தொடங்கியபோதே இருந்த பாடம். மூன்றாவதாகக் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஜவுளித் தொழில்நுட்பம். தொழிலகத் துணிகளுக்கான தனி ஆய்வு மையமே அங்கு உண்டு. ஜவுளி கிடைத்தால் மனம் தளர வேண்டாம். இறுதியாண்டுத் திட்டப்பணியைப் பூச்சுத் துணியிலோ பெல்ட் துணியிலோ செய்துகொண்டு, பிறகு 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. கரக்பூரில் ரப்பர் தொழில்நுட்பத்தில் எம்.டெக். படிக்க முயலலாம். இவை எதுவும் அமையாவிட்டால் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கிண்டியிலோ மதுரையிலோ உள்ள சிபெட்டில் (பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம்) இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம். சுற்று வழிதான், ஆனால் அந்த வழியில் வந்து நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாத கல்லூரியில் பயத்தால் எடுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸை விட இந்தச் சுற்று வழி மேல் என்பது என் உறுதியான கருத்து. அவளே கம்ப்யூட்டர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பணத்துக்காக நிலத்தை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் பொறியியலில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். எல்லா வகுப்புகளுக்கும் தலைமை ஆசிரியர்களிடம் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு வேறு பள்ளி என்றால் அங்கே இந்த வாரமே போய்விடுங்கள். கடைசி நேரத்தில் பலர் அலைவது இந்தச் சான்றுக்காகத்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பெண் பிள்ளை ஆலைக்குப் போவதா, இரவு ஷிப்டா என்ற கவலை. தொழிற்சாலைகள் சட்டம் 1948 பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியே வைத்திருந்தது; 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளையும் வகுத்தது. எனவே வண்டி வசதி, தனி ஓய்வறை, உடன் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் உரிமை. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலண்டர் உருளைகள் சந்திக்கும் இடத்தில் துப்பட்டா நுனி மாட்டினால் கையையும் இழுத்துவிடும். அதனால்தான் உருளைக்கு முன்னால், உடம்பு பட்டாலே இயந்திரத்தை நிறுத்தும் கம்பி இருக்கும். ஆலைக்குள் போன முதல் நாளே அது வேலை செய்கிறதா என்று அவள் கேட்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணை எரிக்கும் இடத்தில் காற்று உறிஞ்சி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஓடும் பெல்ட்டின் அருகே எப்படி நிற்க வேண்டும் என்று 18 ஆண்டுகளாகத் தெரிந்தவர் நீங்கள். இதை எந்தக் கல்லூரியும் உங்களைப் போலச் சொல்லித் தராது, சொல்லிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். வீட்டு வாசலில் மிதியடியாகப் பழைய பெல்ட் துண்டு ஒன்றைப் போட்டிருப்பதாகவும், சின்ன வயதில் உங்கள் மகள் அதன் ஓரத்தைக் கத்தியால் பிரித்து உள்ளே துணி இருக்கிறது என்று ஓடிவந்து காட்டியதாகவும், அதற்கு அவளைத் திட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அதே துண்டை இருவரும் சேர்ந்து எடுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அறுத்து, குறடால் ஓர் அடுக்கைப் பிடித்து உரியுங்கள். எத்தனை அடுக்கு என்று எண்ணச் சொல்லுங்கள். ஓரத்தில் உரியும்போது துணி வெறுமையாகத் தெரிகிறதா, உள்ளே போகப் போக ரப்பர் துணியோடு கிழிந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்லும் காரணத்தை அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அது வந்ததும் விருப்பப் பட்டியலை மூவரும் உட்கார்ந்து நிரப்பலாம்.