பேய்க்கு எதற்கு மரக்கூண்டு?

கேள்வி: நிக்கோலஸ் கேஜ் நடித்த 'சீசன் ஆஃப் தி விட்ச்' படம் எனக்குப் பிடித்திருந்தது. விமர்சகர்களோ வரலாற்றுப் பிழைகளாகப் பிடித்துத் திட்டுகிறார்கள். சூனியக்காரி வரும் படத்தில் வரலாறு எதற்கு? ரசிக்கவே தெரியாதா உங்களுக்கெல்லாம்?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சரி, வரலாற்றை விட்டுவிடுவோம். புனித பூமியைப் பிடிக்க ஐரோப்பாவிலிருந்து போன கிறிஸ்தவச் சிலுவைப் படையினரின் ஆட்சி அங்கே, 1291-ல் ஏக்கர் (Acre, இன்றைய இஸ்ரேலில் இருக்கிறது) என்ற நகரம் கைவிட்டுப் போனதோடு முடிந்துவிட்டது. படத்து வீரர்கள் 1330களிலும் ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டட்டும். பெரிய சூனிய வேட்டைகள் நடந்தது 16, 17-ம் நூற்றாண்டுகளில். 14-ம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பழி சுமந்தவர்கள் யூதர்கள். கிணற்றில் விஷம் கலந்ததாகச் சொல்லி 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கானவர்களை எரித்தார்கள். அதையும் படம் சொல்லவில்லை. மாயாஜாலக் கதைதானே, போகட்டும்.

என் குறை வேறு. 2011-ல் வந்த இந்தப் படத்துக்குக் கிடைத்த கதைக்கரு அருமையானது. தேவாலயத்தின் பேரைச் சொல்லிக் கொன்று குவித்த ஒரு வீரன் (கேஜ்தான்), போரில் தன் வாளுக்கு ஒரு பெண் பலியானதும் வெறுத்துப்போய்ப் படையை விட்டு ஓடுகிறான். பிடிபட்டதும் அவனிடமே ஒரு பெண்ணை ஒப்படைக்கிறார்கள். கொள்ளைநோயைக் கொண்டுவந்த சூனியக்காரி இவள்தான், மடாலயத்தில் கொண்டுபோய் விடு, துறவிகள் விசாரிப்பார்கள் என்கிறார்கள். நியாயமான விசாரணை நடக்கும் என்று அவளுக்கு வாக்கு கொடுக்கிறான். அவளை மரக்கூண்டில் அடைத்து வண்டியில் கொண்டுபோகிறார்கள். கூண்டுக்குள் அந்தப் பெண்ணாக வரும் கிளேர் ஃபோய் ஒரு நேரம் பயந்த குழந்தை மாதிரியும் அடுத்த நேரம் எல்லாம் தெரிந்தவள் மாதிரியும் பார்க்கும்போது நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தச் சந்தேகத்தின் கழுத்தை இயக்குநர் டொமினிக் சேனா முதல் காட்சியிலேயே பாதி நெரித்துவிட்டார். தூக்கில் தொங்கிய சூனியக்காரி எழுந்து வந்து பாதிரியாரைக் கொல்கிறாள். சூனியம் நிஜம் என்று காட்டிவிட்டு, அப்புறம் "இவள் குற்றவாளியா, இல்லையா?" என்று கேட்டால் எவன் தவிப்பான்?

மீதியைக் கடைசிக் காட்சிகள் முடித்துவைக்கின்றன. அவள் சூனியக்காரி இல்லையாம், அவளுக்குள் இருப்பது பேயாம். ஆகக் குற்றம் சாட்டியவர்கள் பேரைத்தான் மாற்றிச் சொன்னார்கள்; ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்! தேவாலயத்தைக் கேள்வி கேட்டுத் தொடங்கிய படம், பாதிரியார் பக்கமே தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிறது. வீரனின் குற்ற உணர்ச்சிக்கு என்ன ஆனது? வாள்சண்டையில் கரைந்துவிட்டது. அந்தப் பேய்க்குச் சிறகு வேறு. பறக்கத் தெரிந்த பேய், ஓநாய்க் காட்டையும் உளுத்த தொங்குபாலத்தையும் தாண்டி மரக்கூண்டில் குலுங்கிக்கொண்டு ஏன் வரவேண்டும்? மடாலயத்தில் இருக்கும் மந்திரப் புத்தகத்தை அழிக்கத்தான் என்கிறார்கள். வண்டிக்குப் பின்னாலேயே பறந்து வந்திருக்கலாமே!

தொங்குபாலக் காட்சி நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கொள்ளைநோய் வந்து முகமெல்லாம் கட்டியோடு படுத்திருக்கும் கார்டினலாக (உயர்நிலைப் பாதிரியாராக) வரும் கிறிஸ்டோபர் லீயும்தான். அந்த மனிதர் படுக்கையை விட்டு எழாமலேயே கேஜை ஓரங்கட்டிவிடுகிறார்.

ரசிக்கத் தெரியாது என்கிறீர்களே, இதே சரக்கை 1957-லேயே ஸ்வீடனின் இங்மர் பெர்க்மன் 'ஏழாவது முத்திரை'யில் எடுத்திருக்கிறார். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வீரன், கொள்ளைநோய், சூனியக்காரி என்று எரிக்கப்படப்போகும் பெண் எல்லாமே அதில் உண்டு. மரணமே ஆளாக வந்து சதுரங்கம் ஆடுகிறது. இதைவிட மாயாஜாலம் வேண்டுமா? அந்த வீரன், சாத்தானைப் பார்க்கவேண்டும், அவனிடம் கடவுளைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் போகிறான். தன் கண்ணைப் பார்த்தால் சாத்தான் தெரிவான் என்கிறாள். பார்க்கிறான். பயம்தான் தெரிகிறது. பெர்க்மன் அவள் முதுகில் சிறகு ஒட்டவில்லை.