வரித்தலை வாத்து தன் ரத்தத்தை மாற்றிக்கொண்டதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வலசைப் பறவைகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், "வரித்தலை வாத்து இமயத்தின் மெலிந்த காற்றுக்கு ஏற்பத் தன் ரத்தத்தை மாற்றிக்கொண்டது" என்று ஒரு வரி வருகிறது. பொங்கலையொட்டித் திருநெல்வேலி உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது கூந்தன்குளத்தில் அந்த வாத்துகளைப் பார்த்திருந்ததால் அவ்வரி மனத்தில் நின்றுவிட்டது. நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் தேவை வந்தால் விலங்குகளின் உடல் தானே மாறிவிடும், பூமி சூடானாலும் அவை பழகிக்கொள்ளும் அல்லவா, டீச்சர்?" என்று கேட்டாள். மரபணுத்தொகுதி ஆய்வுகள் இதற்கு என்ன விடை தருகின்றன? பனிமலைக்கோ துருவத்துக்கோ போகாமல் நம் ஊரிலேயே காட்டத்தக்க எடுத்துக்காட்டு உண்டா?

செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி என் வரியிலிருந்த பிழையைச் சரியாகத் தொட்டுவிட்டாள். 'மாற்றிக்கொண்டது' என்று நான் எழுதியிருக்கக் கூடாது. எந்த வாத்தும் உயரே பறக்க விரும்பித் தன் மரபணுவைத் திருத்தவில்லை. மரபணுவில் எழுத்துப் பிழைகள் தேவையைப் பார்த்து வருவதில்லை. அவை எப்போதும் நேர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தற்செயலாக, அதைப் பெற்ற பறவைக்குக் கொஞ்சம் கூடுதலாக உயிர்ப்பிழைக்க உதவினால், அதன் குஞ்சுகள் வழியே தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. அந்த வரியைத் திருத்திவிட்டேன்.

கருவி பொருத்திக் கண்காணித்த வரித்தலை வாத்துகளுள் ஒன்று 7,290 மீட்டர் உயரம் வரை சென்றது பதிவாகியிருக்கிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரிலேயே கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் கிடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அது அமினோ அமிலங்கள் கோத்த ஆல்ஃபா, பீட்டா என்னும் சங்கிலிகளால் ஆனது. இந்த வாத்தின் ஹீமோகுளோபினில், ஆல்ஃபா சங்கிலியின் 119ஆம் இடத்தில், அதன் சமவெளி உறவினங்களில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் என்னும் வேறொன்று அமர்ந்திருக்கிறது. ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ், இந்த ஒற்றை மாற்றம் அந்தச் சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையிலுள்ள ஒரு பிடியைத் தளர்த்தி, ஆக்சிஜனை இறுகப் பற்ற வழிசெய்யும் என்று 1983இல் முன்வைத்தார். 1991இல் அதே மாற்றத்தை மனித ஹீமோகுளோபினில் செய்து பார்த்தபோது அதன் பற்றும் கூடியது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வாத்திலோ, அதே பிடியின் மறுமுனையில், பீட்டா சங்கிலியின் 55ஆம் இடத்தில் மாற்றம் நேர்ந்திருக்கிறது. ஒரு கதவைத் திறக்க ஒருவர் தாழ்ப்பாளைக் கழற்றுகிறார், மற்றவர் அது விழும் கொண்டியைக் கழற்றுகிறார். இரண்டு கண்டங்களில், தொடர்பே இல்லாமல், அந்த இடம் தளர்ந்திருப்பதுதான் அது வெறும் தற்செயலாக நிலைத்த மாற்றமல்ல என்று என்னை நம்பவைக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு மரபணுத்தொகுதிகளை அருகருகே வைத்தால் இலட்சக்கணக்கான வேறுபாடுகள் தெரியும். அவற்றுள் பெரும்பாலானவை எதற்கும் பயன்படாமலே நிலைத்தவை. பனிக்கரடியில் கொழுப்பை ரத்தத்தில் கடத்தும் புரதத்தின் மரபணு இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டதற்கான தடயங்கள் இருப்பதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. சீல்களின் கொழுப்பை உண்டே வாழும் விலங்கில் அது பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. வாத்தின் ஹீமோகுளோபினில் செய்ததைப் போலப் புரதத்தையே எடுத்துச் சோதிப்பது வேறு. வகுப்பில் இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் மிகவும் வியப்பது அண்டார்டிக் மீன்களைத்தான். அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை குளிர்கிறது. சாதாரண மீனின் ரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். இம்மீன்களின் ரத்தத்தில் நுண்ணிய பனிப்படிகங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் மரபணு எங்கிருந்து வந்தது என்பதை 1997இல் கண்டறிந்தார்கள்: கணையத்தில் செரிமானத்துக்காகச் சுரக்கும் டிரிப்சினோஜென் என்னும் நொதியின் மரபணுவிலிருந்து. அதன் தலையும் வாலும் எஞ்சியிருக்க, நடுவில் ஒன்பது எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு, முற்றிலும் புதிய புரதமாகிவிட்டது. வட துருவத்துக் காட் மீன்களிலும் ஏறத்தாழ அதே புரதம் உண்டு. ஆனால் அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பாக இல்லாதிருந்த மரபணுப் பகுதியிலிருந்து தனியே பிறந்தது. புதிதாகத் திட்டமிட்டுச் செய்ததன் அடையாளம் எங்கும் இல்லை. கையில் கிடந்த பழையதை ஒட்டுப்போட்டதன் அடையாளமே இருக்கிறது.

உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்விக்கு விடையும் இந்த மீன்களிடமே இருக்கிறது. அவற்றின் உறவினமான பனிமீன்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபினே இல்லை என்று 1954இல் யோஹான் ரூட் எழுதினார். அதை உருவாக்கும் மரபணுக்கள் சிதைந்துபோயிருப்பது பின்னர் தெரிந்தது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதாலும், பெரிய இதயமும் கூடுதல் ரத்தமும் ஈடுகட்டுவதாலும் அவை வாழ்கின்றன. வெப்பம் தாக்கும்போது புரதங்களைக் காக்கும் துணைப்புரதங்களை உடனே பெருக்குவது பெரும்பாலான உயிர்களின் வழக்கம். அண்டார்டிக் மீனினம் ஒன்று அத்திறனையும் இழந்திருப்பதை 2000இல் பதிவு செய்தார்கள். சுமார் 6 டிகிரி நீரே சில இனங்களைக் கொன்றுவிடுகிறது. நம் தண்ணீர்க் குவளைக்கு அது நல்ல குளிர்ச்சி. அவற்றுக்கு அதுவே கொடுங்காய்ச்சல். குளிருக்குத் தகவமைந்த வழியிலேயே வெப்பத்தைத் தாங்கும் வழி அடைபட்டிருக்கிறது. கடல் குளிர்ந்தது பல மில்லியன் ஆண்டுகளில். நாம் சூடேற்றுவது சில தலைமுறைகளில். ஆகவே 'பழகிக்கொள்ளும்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகமாக இனம்பெருக்கும் சிற்றுயிர்கள் சில தப்பலாம். மெதுவாக வளரும் இந்த மீன்களிடம் அந்த நம்பிக்கையை நான் வைக்க மாட்டேன்.

நம் ஊர் எடுத்துக்காட்டுக்கு வருகிறேன். பினாங்கில் கடல் வற்றும் நேரத்தில் சேற்றுக்கரையில் துள்ளித்திரியும் மீனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலாயில் பெலாச்சாக் என்பார்கள். ஒரு மீனுக்கு நீரில்லாத வெயிலும் சேறும் இமயத்துக்குக் குறைந்த இடமல்ல. சாதாரண மீன் அம்மோனியாவைச் செவுள்வழியே நீரில் கரைத்துவிடும். சேற்று வளைக்குள் அதற்கு வழியில்லை. இவற்றுள் பெரிய இனம், வெளியே அம்மோனியா மிகுந்திருந்தாலும் அதை எதிர்த்துச் செவுள்களால் வெளித்தள்ளுகிறது. வாய் நிறையக் காற்றை மொண்டு வளைக்குள் சேமித்தும் வைக்கிறது. நான்கு சேற்றுமீன் இனங்களின் மரபணுத்தொகுதிகள் 2014இல் வெளியாயின. அம்மோனியா வெளியேற்றம், பார்வை, நோயெதிர்ப்பு ஆகியவை தொடர்பான மரபணுக்களில் மாற்றங்கள் அவற்றில் தெரிந்தன.

உங்களுக்கு அண்மையில் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தைக் கேட்டறிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரே மீனைத் தேர்ந்துகொண்டு, அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேற்றில் புரண்டு உடலை ஈரமாக்கிக்கொள்கிறது என்று அந்த மாணவியை எண்ணச் சொல்லுங்கள். குறிப்பு எடுத்தால் எனக்கும் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.