சி.கே. கூடினால் சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர், வயது 44, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் இரத்தம் எடுத்தபோது கிரியேட்டின் கைனேஸ் (சி.கே.) 860 என்று வந்ததாம். முகாமை நடத்தியவர், சிறுநீரகம் பழுதாகிறது என்று சொல்லி 480 வெள்ளிக்கு மூலிகைத் தூள் வாங்கச் சொல்கிறாராம்.

வாங்காதீர்கள், சகோதரி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது கிரியேட்டினின். உங்கள் கணவருக்குக் கூடியிருப்பது கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி. பெயர்களின் ஒலி ஒற்றுமையை வைத்தே இவர்கள் பிழைக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய தாளில், நான்கு வரி கீழே, கிரியேட்டினின் 84 என்று இருக்கிறது. அது சரியான அளவு. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு.

அண்ணாந்து நீளக் கம்பின் அரிவாளால் மட்டையை இழுக்கும் அந்த நொடியில், தசை ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தரும் பொருளைச் செலவழிக்கிறது. கையிருப்பு இரண்டொரு நொடிக்குத்தான் வரும். அப்போது தசையில் சேமிப்பாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, செலவான ஏ.டி.பி.யை மீண்டும் உருவாக்குவது இந்த நொதிதான். அது ஏறத்தாழ பத்து நொடி தாங்கும் கைமாற்று. ஓய்வெடுக்கும்போது அதே நொதி எதிர்த்திசையில் வேலை செய்து கடனை அடைத்துவிடும். இது தசைக்குள் இருக்க வேண்டியது. கடும் உழைப்பில் தசைநார் சற்றுச் சிதைந்தால் இரத்தத்தில் கசியும்; ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் உச்சத்தைத் தொடும். ஆண்களுக்கு ஏறத்தாழ 200 வரை என்று அச்சிட்டு, மீறினால் நட்சத்திரம் போடும் அந்தத் தாளில், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு வாரம் பாரமான வேலையையும் தசையில் போடும் ஊசியையும் தவிர்த்துவிட்டு, ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசாங்க சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்த்து, மறுபரிசோதனை கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர் கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? அது சிலருக்குத் தசையைப் பாதிக்கும். இருமலுக்கு வேறொரு கிளினிக்கில், இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல், கிளாரித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டால் ஆபத்து பல மடங்காகும். ஆகவே எங்கே சென்றாலும் மாத்திரைப் பையை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். தொடையிலோ தோளிலோ வலியும் தளர்ச்சியும் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், சிறுநீர் 'தே ஓ' (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைப்பது அப்போதுதான்.