ஐஸ்லாந்தில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஐஸ்லாந்தில் ஆய்வு, படிப்பு, மொழிபெயர்ப்பு என்று பல நோக்கங்களோடு கேள்விகள் வந்திருக்கின்றன. தலைநகர் ரெய்க்யவிக்கில் ஆய்வாளனாக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னை, புவியியல் முனைவர் பட்ட மாணவி: சார், எரிமலை ஆய்வுக்காக ஐஸ்லாந்து போக ஆசை. ஃபுல்பிரைட்டில் விண்ணப்பிக்கலாமா?

ஐஸ்லாந்தின் ஃபுல்பிரைட் ஆணையம் 1957 முதல் இயங்குகிறது. ஆனால் அது அமெரிக்காவுக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலான பரிமாற்றம். அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழர்கள் விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு அந்த வழியில் போக முடியாது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் நிறுவனம். நோர்டிக் எரிமலையியல் மையமும் அங்கேதான் இருக்கிறது. ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் 2021 மார்ச்சில் தொடங்கிய வெடிப்புகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தன. 2023 நவம்பரில் கிரிண்டவிக் ஊரையே காலி செய்தார்கள். நிலநடுக்கப் பதிவு, வாயு அளவீடு, செயற்கைக்கோள் படங்கள் என்று தரவு குவிந்து கிடக்கிறது. அதைப் பகுத்தாய ஆட்கள் தேவை.

ஆனால் முதலில் உதவித்தொகையைத் தேடாதீர்கள், புரொபசரைத் தேடுங்கள். அங்கே ஆய்வு நிதியில் முக்கியமான பங்கு ரன்னிஸ் என்ற ஐஸ்லாந்து ஆய்வு மையத்தின் வழியாக வருகிறது. ஒரு பேராசிரியரின் திட்டத்துக்கு நிதி கிடைத்தால், அதில் முனைவர் பட்ட மாணவருக்குச் சம்பளமே கொடுப்பார்கள். அதனால் அவருடைய கட்டுரைகளில் இரண்டு மூன்றைப் படியுங்கள். உங்களிடம் உள்ள திறமை அவருடைய வேலையில் எங்கே பொருந்தும் என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். நாட்டின் மக்கள்தொகை 4 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒரே துறையில் இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். இடம் இல்லையென்றாலும், உங்கள் மடல் நன்றாக இருந்தால் "இவரிடம் கேட்டுப் பாருங்கள்" என்று பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு.

பெங்களூரு, இயற்பியல் ஆய்வாளர்: பிஎச்.டி. முடித்துவிட்டேன். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்ய வழி உண்டா?

ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆய்வுத் திட்டத்தின் வழியாகத் தரும் மரி கியூரி ஃபெலோஷிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐஸ்லாந்து உறுப்பினர் இல்லை. ஆனாலும் அந்த ஆய்வுத் திட்டத்தில் இணைந்த நாடு என்பதால், எந்த நாட்டவரும் அங்குள்ள நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் ஐஸ்லாந்தில் வசித்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. வழக்கமாகச் செப்டம்பரில் கடைசி நாள். ஏற்கும் பேராசிரியரை வசந்த காலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். கோடையில் நாடே விடுமுறையில் இருக்கும்.

யாழ்ப்பாணம், கடற்றொழில் அலுவலர்: அண்ணா, நான் பல்கலைக்கழக ஆள் இல்லை. எனக்கு ஏதும் வழி இருக்கா?

உங்களுக்குத்தான் மிகப் பொருத்தமான வழி இருக்கிறது. குரோ என்ற மையம் 2020 முதல் யுனெஸ்கோவின் கீழ் நடக்கிறது, அதற்கு முன் ஐ.நா. பல்கலைக்கழகத்தோடு இருந்தது. புவிவெப்பம், மீன்வளம், நில மீட்பு, பாலினச் சமத்துவம் என்று 4 பயிற்சிகள். புவிவெப்பப் பயிற்சி 1979இலும் மீன்வளப் பயிற்சி 1998இலும் தொடங்கின. வளரும் நாடுகளில் அந்தந்தத் துறையில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்காகவே நடத்தப்படுபவை இவை. மீன்வளப் பயிற்சி சுமார் 6 மாதம். பயணம், தங்குமிடம், செலவுப் பணம் எல்லாம் அவர்களே தருவார்கள்.

நீங்களாக விண்ணப்பம் போட்டுவிட முடியாது, உங்கள் நிறுவனம்தான் உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே மேலதிகாரியிடம் இப்போதே பேசுங்கள். ஊருக்குத் திரும்பியபின் எந்தச் சிக்கலைத் தீர்ப்பீர்கள் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர்களில் சிலருக்கு அங்கேயே முதுகலை, முனைவர் பட்டம் செய்யவும் உதவித்தொகை கிடைக்கிறது.

கோவை, மொழிபெயர்ப்பாளர்: அறிவியல்காரர்களுக்கு மட்டும்தானா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஸ்னோரி ஸ்டர்லுசன் ஃபெலோஷிப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஸ்னோரி 1241இல் கொல்லப்பட்ட இடைக்கால வரலாற்றாசிரியர், கவிஞர். அவர் இறந்து 750 ஆண்டு ஆனதையொட்டி உருவான திட்டம் இது. வட ஐரோப்பாவின் நோர்டிக் நாடுகளுக்கு வெளியே உள்ள எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலங்களின் ஆய்வாளர் ஆகியோருக்கானது. பயணச் செலவும் குறைந்தது 3 மாதம் ஐஸ்லாந்தில் தங்கும் செலவும் கிடைக்கும். தேர்வில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளிலிருந்து வருவோருக்கு முன்னுரிமை உண்டு என்று விதியிலேயே இருக்கிறது.

இதை நடத்துவது, ஐஸ்லாந்தின் பழம் சுவடிகளையும் மொழியையும் ஆராயும் ஆர்னி மாக்னுசன் நிறுவனம். டென்மார்க் வசம் இருந்த ஐஸ்லாந்துச் சுவடிகளில் முதல் இரண்டு 1971 ஏப்ரல் 21 அன்று கப்பலில் வந்து சேர்ந்தபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. அந்தச் சுவடிகளுக்கும் நிறுவனத்துக்கும் கட்டிய எட்டா (Edda) என்ற கட்டடம் 2023இல் திறக்கப்பட்டது. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதைவிட, அங்கே சில மாதம் இருந்து மூலமொழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பது எவ்வளவோ மேல். தயவுசெய்து விண்ணப்பியுங்கள். ஐஸ்லாந்து மொழியை முறையாகப் படிக்க அரசின் தனி உதவித்தொகையும் அதே நிறுவனத்தின் வழியாகக் கிடைக்கிறது.

திருச்சி, கல்லூரி ஆசிரியர்: எராஸ்மஸில் குறுகிய காலம் போக முடியுமா?

எராஸ்மஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டம். முடியும், ஆனால் உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். தனி ஆளாகச் செய்யக்கூடியது இல்லை. துருவச் சட்டம், ஆர்க்டிக் சமூகங்கள் உங்கள் துறை என்றால் வடக்கே அக்குரேரி பல்கலைக்கழகத்தை அணுகிப் பாருங்கள். ரெய்க்யவிக்கைவிடச் சிறிய இடம், பேராசிரியர்களோடு நேரம் நிறையக் கிடைக்கும்.

மதுரை, ஆய்வாளர்: விசா, குளிர், செலவு?

90 நாளுக்குள் என்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும். அதற்கு மேல் என்றால் குடிவரவு இயக்ககத்தில் வசிப்பு அனுமதி வாங்க வேண்டும். அங்கே போனதும் கென்னிடாலா என்ற அடையாள எண் வாங்குங்கள், வங்கிக் கணக்குக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள். நாட்டின் பொது மருத்துவக் காப்பீட்டில் சேர 6 மாதம் வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடு உங்கள் பொறுப்பு.

குளிரைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ரெய்க்யவிக்கில் குளிர்காலச் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும், வீடுகளைப் புவிவெப்ப நீர் சூடாக வைத்திருக்கும். காற்றுதான் கடுமை, குடை அங்கே உதவாது. டிசம்பரில் பகல் 4 மணி நேரம்தான். அது மனத்தைப் பாதிக்கும் என்பதால் முதல் தடவை போகிறவர்கள் ஆகஸ்டில் போய்ச் சேர்ந்து மெல்லப் பழகிக்கொள்வது நல்லது. வாடகை மிக அதிகம். ஏற்பு மடல் வந்த அன்றே பல்கலைக்கழக விடுதிக்குப் பதிவு செய்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம்.

சென்னை மாணவி மறுபடியும்: சார், ஒரே நேரத்தில் பல பேராசிரியர்களுக்கு எழுதலாமா?

ஒரே துறையில் ஒருவருக்கு மட்டும் எழுதி இரண்டு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அப்புறம் அடுத்தவர். ஒரே மடலை ஐந்து பேருக்கு அனுப்பினால் மதிய உணவு மேசையிலேயே தெரிந்துவிடும்.