பிள்ளை இல்லை, வீடு இல்லை: பிரிவு ஒப்பந்தம் எதற்கு? (கேள்வி பதில்)

சிங்கப்பூரில் குடும்ப வழக்குகளை நடத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகளும் பொதுவான வீடும் இல்லாத தம்பதிகள் பிரியும்போது எழும் ஐயங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெயர்களை எடுத்துவிட்டு வட்டாரத்தை மட்டும் வைத்திருக்கிறேன். இவை பொது விளக்கங்கள்தாம். கையெழுத்திடும் முன் உங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ஈசூன்: அக்கா, எங்களுக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு. அவருடைய பெற்றோர் வீட்டில்தான் இருந்தோம். பிரிவதில் இருவருக்கும் சம்மதம். ஒப்பந்தம் எழுதிவிட்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

ஆகாது தங்கை. பிரிவு ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் இடையிலான உடன்படிக்கை மட்டுமே. கையெழுத்திட்ட மறுநாளும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். அதை நம்பி ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

இங்குள்ள திருமண, விவாகரத்துச் சட்டமான 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனப்படி, திருமணமாகி மூன்று ஆண்டுகள் நிறையும்முன் விவாகரத்து கேட்க முடியாது. மிகக் கடுமையான துன்பமோ கொடுமையோ இருந்தால் மட்டும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று முன்கூட்டியே கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு யார் மீதும் பழி சுமத்தாமல் பிரிய விரும்பியவர்கள், இருவரும் சம்மதித்தால் மூன்று ஆண்டுகளும், ஒருவர் மறுத்தால் நான்கு ஆண்டுகளும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதைக் காட்டத்தான் பலர் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த வழி இன்னும் இருக்கிறது; அதோடு 2024 ஜூலை 1 முதல் பரஸ்பர ஒப்புதலால் விவாகரத்து கேட்கும் வழியும் திறந்திருக்கிறது. மணவாழ்க்கை ஏன் முறிந்தது, சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள், பண விவகாரங்களை எப்படித் தீர்க்கப் போகிறீர்கள் என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். இந்தப் புதிய வழியில் பிரிந்து வாழ்ந்த காலம் என்று எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆகவே, நாள் கணக்குக்காக மட்டும் உங்களுக்கு ஒப்பந்தம் தேவையில்லை. மனு போடும்வரை இருக்கும் இந்த ஒன்றரை ஆண்டில் பணமும் பொறுப்பும் யாருடையவை என்று எழுதி வைக்கத்தான் அது தேவை.

செங்காங்: பதிவுத் திருமணம் 2022 மே மாதம், கோயில் திருமணம் 2023 நவம்பர். மூன்று ஆண்டுகளை எதிலிருந்து எண்ணுவது?

பதிவுத் திருமணம் நடந்த நாளிலிருந்து. தாலி கட்டிய நாள் உங்கள் குடும்பத்துக்குப் பெரிது, ஆனால் சட்டத்தின் கணக்கில் அது வராது. உங்களுக்கு 2025 மே மாதமே மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன.

பொங்கோல்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிப்பதற்காகப் பதிவு செய்துகொண்டோம். கோயில் திருமணத்துக்கு முன்பே உறவு கசந்துவிட்டது. ஒரு நாள்கூட ஒன்றாக வாழவில்லை. நாங்களும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும், பிரிவு ஒப்பந்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கதவைத் தட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றியது. இல்லற உறவே தொடங்காத திருமணத்தில், ஒருவரின் இயலாமையோ வேண்டுமென்றே மறுத்ததோ அதற்குக் காரணமாக இருந்தால், திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு மூன்று ஆண்டுத் தடை கிடையாது. சடங்குத் திருமணத்துக்குப் பிறகே சேர்ந்து வாழ்வோம் என்று பேசி வைத்துவிட்டு, ஒருவர் தக்க காரணமின்றி அந்தச் சடங்குக்கு வர மறுப்பதையே அத்தகைய மறுப்பாக ஏற்றுக்கொண்ட தீர்ப்பு இங்கே உண்டு. உங்கள் கதை அதில் பொருந்துமா என்பது விவரங்களைப் பொறுத்தது. எதற்கும், கைவிடும் வீட்டு விண்ணப்பத்தால் வரும் இழப்பை யார் ஏற்பது என்பதை இப்போதே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்: எங்களிடம் சொத்து என்று எதுவும் இல்லை. 'ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரே வரி எழுதினால் போதாதா?

இந்த ஒரு வரியை நம்பி என்னிடம் வந்தவர்கள் பலர். 'எதுவும் இல்லை' என்றவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இருவரும் வேலை செய்தீர்களா?" என்றுதான். செய்திருந்தால் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதி இருக்கிறது. திருமணமான நாளிலிருந்து அதில் சேர்ந்தது, அவரவர் பெயரில் இருந்தாலும், விவாகரத்தில் பங்கிடக்கூடிய மணவாழ்க்கைச் சொத்துதான். வங்கிச் சேமிப்பும் பங்குகளும் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் அப்படியே. சேமநிதியை உங்கள் ஒப்பந்தத்தால் மட்டும் இடம் மாற்றவும் முடியாது, அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். எனவே 'அவரவர் சேமநிதி அவரவருக்கே' என்று தனி வரியாக எழுதுங்கள். விவாகரத்தின்போது நீதிமன்றம் அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கும், ஆனால் கட்டுப்பட்டாக வேண்டும் என்பதில்லை. ஒருவர் உண்மையை மறைத்தோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த வரிக்கு வலுவிருக்காது.

அடுத்தது நகை. நம் வீடுகளில் பெரும்பாலும் சண்டை இதில்தான் மூளுகிறது. பெண்ணுக்கு அவள் பெற்றோர் போட்ட நகை அன்பளிப்பு, பொதுவாக அது பங்கீட்டுக்குள் வராது. மாமியார் போட்டது, தாலிக்கொடி, அடகுக் கடையில் இருக்கும் வளையல் என்று வரும்போதுதான் குரல் உயர்கிறது. எத்தனை பவுன், இப்போது யார் கையில், எந்த நாளில் திருப்பித் தர வேண்டும் என்று பட்டியலிட்டுப் படமும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

கடனை மறக்காதீர்கள். திருமண மண்டபச் செலவுக்கு அவர் பெயரில் வாங்கிய கடனில் நீங்கள் பாதி கட்டுவதாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வங்கிக்கு உங்கள் ஒப்பந்தம் ஒரு பொருட்டல்ல, கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் அது தேடி வரும். துணைக் கடனட்டையை இன்றே ரத்து செய்யுங்கள்.

கடைசியாக ஜீவனாம்சம். 'இவ்வளவு தொகை மொத்தமாகத் தருகிறேன், இனி எதுவும் கேட்கக்கூடாது' என்று எழுதிக்கொண்டாலும், நீதிமன்றம் ஒப்புதல் தரும்வரை அது நடைமுறைக்கு வராது. வேலையில்லாத பெண்கள் அவமானத்திலும் அவசரத்திலும் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அந்த வரியில் கையெழுத்திடும் முன் ஒரு வாரமாவது யோசியுங்கள் அம்மா.

தோ பாயோ: என் மகனும் மருமகளும் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்துவிட்டார்கள். விவாகரத்து இன்னும் ஆகவில்லை. இதற்கிடையில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அம்மா, கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நன்றி. பிரிந்திருந்தாலும் அவர் உங்கள் மகனின் மனைவிதான். உயில் இல்லாமல், பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தால், சொத்தில் பாதி மனைவிக்கும் மீதிப் பாதி பெற்றோருக்கும் போகும். பெற்றோரும் இல்லையென்றால் முழுவதும் மனைவிக்கே. முஸ்லிம்களுக்கு மட்டும் விதி வேறு.

சேமநிதி உயிலுக்குள் வராது, அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணம் ஆனவுடன் பழைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். ஆனால் விவாகரத்தால் நியமனமும் ரத்தாகாது, உயிலும் ரத்தாகாது. இது பலருக்குத் தெரிவதில்லை. தேனிலவு முடிந்து வந்ததும் மனைவி பெயரை எழுதியவர், பிரிந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அதை மாற்றாமலே போய்விடுகிறார். பிறகு வயதான தாய் என் எதிரே உட்கார்ந்து, "அவன் சம்பாதித்தது எங்களுக்கு இல்லையா?" என்று கேட்கிறார். என்னிடம் பதில் இருப்பதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதே வாரத்தில் உயில், சேமநிதி நியமனம், காப்புறுதி நியமனம் மூன்றையும் மகன் பார்த்துவிடட்டும். காப்புறுதியில் மட்டும் எச்சரிக்கை: தொகையை நியமிக்கப்பட்டவருக்கென்றே ஒதுக்கிவிடும் அறக்கட்டளை வகை நியமனமாக இருந்தால், நியமிக்கப்பட்டவரின் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. அந்தச் சம்மதத்தை ஒப்பந்தத்தின்போதே கேட்டு வாங்குவது எளிது.

புக்கிட் பாத்தோக்: இருவருக்கும் தனி வாடகை கட்டும் வசதி இல்லை. ஒரே வீட்டில் இரு அறைகளில் இருந்தால் பிரிந்து வாழ்வதாகுமா?

ஆகலாம். ஒரு கூரையின் கீழ் இரண்டு குடித்தனமாக இருக்க வேண்டும். சமையல், துணி துவைப்பது, படுக்கை, செலவு எல்லாம் தனித்தனி. அவருக்கும் சேர்த்து இரவுச் சோறு ஆக்கி வைத்தால் அந்த வாதம் தளர்ந்துவிடும். மறுபுறம், கணவர் துபாயில் வேலை பார்ப்பதால் மட்டும் பிரிந்து வாழ்வதாகாது, பிரியும் எண்ணமும் இருக்க வேண்டும். நடுவில் மனம் மாறிச் சேர்ந்து வாழ்ந்து பார்த்தால், மொத்தம் ஆறு மாதம்வரை பழைய கணக்கு அறுந்துபோகாது. சேர்ந்திருந்த நாட்களை மட்டும் கழித்துவிட வேண்டும்.

பிடோக்: நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். நிக்காஹ் செய்தவர்களுக்கும் இதே விதிகள்தானா?

இல்லை. முஸ்லிம் சட்டப்படி நடந்த திருமணங்களின் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்துக்குரியது. மூன்று ஆண்டுத் தடை உங்களுக்குப் பொருந்தாது. அந்த நீதிமன்றத்தில் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள்.

சுவா சூ காங்: திருமணம் கும்பகோணத்தில் நடந்தது. நான் சிங்கப்பூரர், மனைவி நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறார். எங்கே விவாகரத்து கேட்பது?

நீங்கள் இங்கேயே நிலைத்து வாழ்பவர் என்பதால் இங்கே கேட்கலாம். திருமணம் எங்கே நடந்தது என்பது தடையல்ல. ஆனால் உங்கள் மனைவி ஊருக்குத் திரும்பி மறுமணம் செய்துகொள்ள நினைக்கலாம். வெளிநாட்டு விவாகரத்தை இந்தியா எப்போது ஏற்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல் கடுமையான வரையறைகளை வகுத்தது. இருவரும் மனமொப்பி இங்கே வழக்கில் பங்கேற்றால் பிற்காலச் சிக்கல் பெரிதும் குறையும். அங்கே ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

தம்பி, ஒரு வேண்டுகோள். அவருடைய அட்டை உங்கள் ஆதரவில் நிற்கிறது. அதை விலக்கிவிடுவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்காதீர்கள். அப்படி வாங்கிய ஒப்பந்தம் நாளை உங்களுக்கே எதிராகத் திரும்பும். அவர் வேலை தேடவோ ஊர் திரும்ப ஏற்பாடு செய்யவோ எத்தனை மாதம் ஆதரவைத் தொடர்வீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அட்டையை நீட்டிக்கும் முடிவு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் கையில் இருக்கிறது, ஆனால் உங்கள் வாக்குறுதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஹவ்காங்: செலவைக் குறைக்க இருவரும் ஒரே வழக்கறிஞரிடம் போகலாமா?

ஒருவர் சார்பாகத்தான் அவர் எழுத முடியும். மற்றவர் தனியாக ஆலோசனை பெறுவதே பாதுகாப்பு. வசதி இல்லையென்றால் சட்ட உதவிப் பிரிவையும் இலவசச் சட்ட ஆலோசனை மையங்களையும் அணுகலாம்.

செம்பவாங்: ஒப்பந்தம் எழுதிய பிறகு மனம் மாறி மீண்டும் சேர்ந்து வாழ விரும்பினால்?

எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டாம். இருவரும் எழுத்தில் ரத்து செய்தால் போதும். மீண்டும் சேர்ந்தால் நகையும் பணமும் பற்றிய வாசகங்கள் என்னவாகும் என்ற ஒரு பத்தியை முதலிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நான் எழுதும் ஒப்பந்தங்களில் அந்தப் பத்தியை ஒருபோதும் விடுவதில்லை.